பட்டு கட்டிய அவரைக்கொடி

ஒரு காட்டில் என்று நான் தொடங்கியதுமே, சிங்கராஜா எங்கே என்று கேட்பீர்கள். குழந்தைகளே, இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. புலி ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வசதி போதாது என்று போய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் சின்னப் பிராணிகள்தான். அவற்றிலும் மிகமிகச் சின்னவர்களைப் பற்றியது இந்தக் கதை. எவ்வளவு சின்னவர்கள் என்கிறீர்களா? ஒரே ஒரு கடுகின் மேல் அவர்களில் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம்.

அந்தக் காட்டின் ஓடைக் கரையில் செம்பாயி என்ற முயல் அவரைப் பந்தல் போட்டிருந்தாள்.

செம்பாயிக்கு எதிலும் அவசரம். விதை ஊன்றிய மறுநாளே மண்ணைக் கிளறி, முளைத்துவிட்டதா என்று பார்ப்பாள். யாராவது ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், பாதி கேட்பதற்குள் "சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மற்றபடி நல்ல உழைப்பாளி. பந்தலுக்கு மூங்கில் கழிகளைத் தானே இழுத்து வந்து கட்டியவள்.

அவளுக்கு ஆறு குட்டிகள். கோடை வந்தால் காட்டுப் புல்லெல்லாம் கருகிப்போகும். மழை வரும்வரை ஆறு குட்டிகளுக்கும் அந்தப் பந்தல்தான் சோறு. பந்தல் போய்விட்டால், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைப் பாறையைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். மொட்டைப் பாறைக்கு மேலே பருந்துகள் எப்போதும் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். ஆறு குட்டிகளோடு கிளம்பினால் எத்தனை குட்டிகளோடு போய்ச் சேருவோம் என்று நினைத்ததுமே செம்பாயி குட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாள்.

பந்தலுக்குக் காவல், ஒரு கீரி. பெயர் தளவாய். அந்தப் பெயரை அவனுக்கு யாரும் வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டான். பிடிக்கிற எலி அவனுக்கு, காய்க்கிற அவரை அவளுக்கு என்று இருவருக்கும் பேச்சு.

தளவாய்க்கு மிடுக்கு அதிகம். வாலைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி தொம் தொம் என்று நடப்பான். நடந்தால் புழுதி பறக்க வேண்டும், அப்போதுதான் அது காவல் என்று அவனுக்கு எண்ணம். புழுதி பறந்து அவரை இலைகளின் மேல் மாவு சலித்ததுபோல் படியும்.

"எப்படிண்ணே திருடனை உடனே கண்டுபிடிச்சிடுறீங்க?" என்று செம்பாயி ஒருநாள் கேட்டாள்.

"அது பெரிய வித்தையில்ல தங்கச்சி. ஓடுறவன் திருடன். உக்காந்திருக்கிறவன் நல்லவன். என் சட்டம் அவ்வளவுதான்" என்றான் தளவாய்.

எலிகள் விஷயத்தில் அந்தச் சட்டம் ஒருநாளும் தப்பியதில்லை. அதனால் உலகம் முழுவதற்கும் அது பொருந்தும் என்று தளவாய் நம்பினான்.

சித்திரை மாதம் பிறந்தது. வெயில் கொளுத்தியது. ஒருநாள் உச்சிவேளையில் சூடான காற்று ஒன்று வீசியது. அந்தக் காற்றில் ஒரு மெல்லிய நூல் மிதந்து வந்தது. நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, செடிகளில் வாழும் ஒரு செம்பேன் வந்து இறங்கினாள். அவள் பெயர் பட்டம்மா. எட்டுக் கால், சிவந்த உடம்பு, தேன் ஒழுகும் பேச்சு. அவள் பின்னாலேயே அவளுடைய சுற்றமும் நூல் பிடித்து வந்து இறங்கியது. எல்லாரும் இலையின் அடிப்பக்கம் போய், தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, இலைக்கு அடியில் ஏதோ பளபளப்பதைச் செம்பாயி பார்த்தாள்.

"யாரது? என் இலையில என்ன பண்றீங்க?"

"வாங்க தாயி, வாங்க" என்றாள் பட்டம்மா. "நாங்க பட்டு நெய்யிறவங்க. போற வழியில பார்த்தோம். இவ்வளவு லட்சணமான அவரைக்கொடி, வெறும் உடம்போட வெயில்ல நிக்குது. மனசு கேக்கல. ஒரு பட்டுச் சேலை கட்டிவிட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"பட்டா!" என்று செம்பாயி காதை நிமிர்த்தினாள். "அதுக்கு நான் என்ன குடுக்கணும்?"

"உங்ககிட்ட வாங்குவோமா தாயி? உக்கார ஓர் இலை குடுத்தாப் போதும்."

"சரி சரி! நல்லாக் கட்டுங்க!" என்றாள் செம்பாயி.

அன்று மாலைக்குள் காடு முழுக்கச் சேதி போய்விட்டது. "எங்க அவரை பட்டு கட்டியிருக்கு, பார்த்தீங்களா?" என்று அணிலிடம் சொன்னாள். ஆமையிடம் சொன்னாள். கேட்காத முள்ளம்பன்றியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

நாலு நாள் போயிற்று. இலைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன.

"இது என்ன பட்டம்மா?"

"பொட்டு தாயி. சேலை கட்டினாப் போதுமா? பொட்டு வைக்க வேணாமா?"

செம்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. மேலும் நாலு நாள் போயிற்று. பச்சை இலைகள் மஞ்சளாயின.

"இது?"

"இதுகூடத் தெரியாதா தாயி? மஞ்சள் பூசியிருக்கோம். பட்டு, பொட்டு, மஞ்சள். கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?"

உண்மையில் பட்டம்மாவின் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ஊசி வாயை இலையில் குத்தி, சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். உறிஞ்சிய இடமெல்லாம் வெளுத்துப் புள்ளியாயிற்று. புள்ளிகள் கூடிக் கூடி இலை மஞ்சளாயிற்று. பட்டு என்று சொன்னது அவர்கள் ஒளிந்துகொள்ளப் பின்னிய வலை. அதற்குள் முட்டை முட்டையாக இட்டு, சுற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தளவாய் கிளப்பிய புழுதி வலையின் மேல் படிந்து, அவர்களுக்கு நல்ல கூரையாகவும் ஆகிவிட்டது. இதெல்லாம் தெரியாமல், செம்பாயி பந்தலைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேளையில்தான் அவர்கள் வந்தார்கள்.

அவர்களும் பேன்கள்தான். அதே பொடி அளவுதான். ஆனால் சாற்றுக்காக உட்காராத பேன்கள். பளபளவென்ற உடம்பு, நீண்ட கால்கள். வந்த நொடியிலிருந்து ஓட்டம்தான். இந்த இலையின் மேலே ஏறி, அடியில் புகுந்து, காம்பு வழியாக அடுத்த இலைக்கு ஓடினார்கள். அவர்களின் தலைவன் பெயர் ஓட்டன். ஓட்டனுக்கு வேலைதான் தெரியும், பேசத் தெரியாது.

தளவாய் இதைப் பார்த்தான். அவனுடைய மீசை துடித்தது.

"நில்! யார்ரா நீ?"

"நிக்க நேரமில்ல" என்றபடி ஓட்டன் ஓடினான்.

"எதுக்கு ஓடுற?"

"வேலை இருக்கு."

"என்ன வேலை?"

அதற்குள் ஓட்டன் மூன்று இலை தாண்டியிருந்தான். தளவாய்க்கு ஆத்திரம் பொங்கியது. அவ்வளவு பெரிய கேள்வியை அவ்வளவு பெரிய கீரி கேட்டும், கடுகைவிடச் சின்ன ஆள் நின்று பதில் சொல்லவில்லை!

"தங்கச்சி! பந்தலுக்குள்ள திருடன் பூந்துட்டான்!"

செம்பாயி ஓடி வந்தாள். பட்டம்மா பெருமூச்சு விட்டாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் தாயி. இவனுங்க வந்ததுல இருந்து எங்களுக்கு உசிரே இல்ல. இலை உதிர ஆரம்பிச்சிருக்கு, பார்த்தீங்களா? நாங்க பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்து நெய்யிறோம். இவனுங்க மேலயும் கீழயும் ஓடுறானுங்க. அப்ப இலையக் கெடுக்கிறது யாரு? நீங்களே சொல்லுங்க."

இலைகள் உதிர்வது உண்மைதான். செம்பாயி அதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். பயத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

"சரி சரி! விரட்டிடுங்க தளவாயண்ணே!"

பக்கத்து நுணா மரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கே ஊசிமூக்கி என்ற தையல்சிட்டு கூடு தைத்துக்கொண்டிருந்தாள். இலைகளைச் சேர்த்துத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தையல் போடுமுன் இலையை ஒன்பது முறை திருப்பிப் பார்ப்பாள். எதையும் உற்றுப் பார்ப்பது அவள் குணம். கேலி பேசுவது கூடப் பிறந்தது.

"ஏ செம்பாயி! உன் கல்யாணப் பொண்ணுக்கு முடியெல்லாம் கொட்டுதே, பார்த்தியா? ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு. அந்த ஓடுறவங்க வந்து..."

"சரி சரி, அப்புறம் கேக்குறேன்" என்றாள் செம்பாயி.

தளவாய் தன் வாலைத் துடைப்பமாக்கிக்கொண்டான். ஓடுகிறவர்களை எல்லாம் இலை இலையாகக் கூட்டிப் பெருக்கினான். அசையாமல் உட்கார்ந்திருந்த பட்டம்மாவின் ஆட்கள் மேல் ஒரு முடிகூடப் படாமல் பார்த்துக்கொண்டான். "நல்ல பிள்ளைங்க. பயப்படாதீங்க" என்று தைரியமும் சொன்னான். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆமணக்குச் செடியில் போய் வாலை உதறினான்.

"இந்தப் பக்கம் தலை காட்டினீங்க, தொலைச்சிடுவேன்!"

"எங்கள விரட்டினா உங்க பந்தல்..." என்று ஓட்டன் தொடங்கினான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் நீளமாகப் பேச வந்தான். கேட்க ஆள் இல்லை. தளவாய் மிடுக்காகத் திரும்பிவிட்டான்.

அதற்குப் பிறகு பத்தே நாள். குழந்தைகளே, பத்தே நாளில் பந்தல் பாழாயிற்று. கொடி முழுக்க நூலாம்படை. இலைகள் செம்பு நிறமாகிச் சுருண்டு, தொட்டால் நொறுங்கி விழுந்தன. பூ ஒன்று விடாமல் கருகியது. ஓடையின் ஓரமாக, தண்ணீர் தெறிக்கிற மூலையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இலைகள் பச்சையாக இருந்தன.

"பட்டம்மா! என் கொடி சாகுது!" என்று செம்பாயி அலறினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க தாயி. வெண்கல நிறம் இப்பத்தான் ஏறுது. இன்னும் நாலு நாள்ல தங்கமா மாறிடும்."

கடைக்குட்டி ஒரு காய்ந்த காம்பை மென்றது. பிறகு துப்பியது. "அம்மா, தங்கத்தைத் திங்க முடியுமா?" என்று கேட்டது. செம்பாயி குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்தாள். விடிந்ததும் மொட்டைப் பாறை வழியாகக் கிளம்புவது என்று முடிவு செய்தாள்.

விடிந்தது. ஆறு குட்டிகளும் வரிசையாக நின்றன. ஊசிமூக்கி பறந்து வந்து வழியில் உட்கார்ந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"செம்பாயி, எனக்கு ரெண்டே ரெண்டு நாள் குடு. கொடியில இன்னும் உயிர் இருக்கு. அந்தப் பச்சை மூலையில ரெண்டு இலையும் குடு. யார் திருடன்னு நான் காட்டுறேன்."

செம்பாயியின் வாய் வரைக்கும் "சரி சரி" வந்தது. குட்டிகளைப் பார்த்தாள். மொட்டைப் பாறையைப் பார்த்தாள். மேலே மூன்று பருந்துகள் வட்டமிட்டன. வந்ததை விழுங்கிவிட்டு, "முழுசாச் சொல்லு. கேக்குறேன்" என்றாள்.

ஊசிமூக்கி சொன்னாள். எருக்கம் பஞ்சைத் திரித்து நூலாக்கினாள். நுணா இலைகளை மடித்து இரண்டு பைகள் தைத்தாள். கொடியிலேயே இருந்த இரண்டு பச்சை அவரை இலைகளைப் பறிக்காமல், இலைக்கொரு பையாக மாட்டினாள். முதல் பைக்குள் போக ஆள் தேடியபோது பட்டம்மா தானே முன்வந்தாள்.

"புது இலையா? ஐயோ பாவம், பட்டு இல்லாம நிக்குதே!" என்று பத்துப் பேரை அழைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இரண்டாவது பைக்கு, ஊசிமூக்கி ஓடையைத் தாண்டி ஆமணக்குக்குப் போனாள். ஓட்டனையும் பத்துப் பேரையும் ஓர் இலைத்துண்டில் ஏற்றி வந்தாள். இரண்டு பைகளின் வாயையும் ஒரு பேன்கூட நழுவ முடியாதபடி நெருக்கித் தைத்தாள்.

"இது எதுக்கு வீண் வேலை?" என்றான் தளவாய். "ஒரு பையில நல்ல பிள்ளைங்க, இன்னொரு பையில திருடனுங்க. பார்த்தாலே தெரியுது."

"அப்ப ரெண்டு பைக்கும் நீயே காவல் இரு" என்றாள் ஊசிமூக்கி. "ஆனா நடக்காத. உக்காந்து காவல் இரு. நீ நடந்தா புழுதி கிளம்புது, எனக்குத் தும்மல் வருது."

உட்கார்ந்து காவல் இருப்பது தளவாய்க்குப் பெரிய தண்டனை. அதைவிடப் பெரிய தண்டனை செம்பாயிக்கு. காலையில் வந்து "ஆச்சா?" என்றாள். நிழல் ஒரு சாண் நகர்ந்ததும் வந்து "இப்ப?" என்றாள். ஒருமுறை பைத் தையலை முன்காலால் லேசாகச் சுரண்டியும் பார்த்தாள். ஊசிமூக்கி மூக்காலேயே ஒரு குத்து வைத்தாள்.

இரண்டு நாள் முடிந்தது. அணிலும் ஆமையும் முள்ளம்பன்றியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பட்டு கட்டிய கதையை உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லவா? முடிவையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள்.

ஊசிமூக்கி முதல் பையைப் பிரித்தாள். உள்ளே இருந்த இலையில் வலை. இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. ஓரமெல்லாம் மஞ்சள்.

"கல்யாணக் களை வந்திடுச்சு, பார்த்தீங்களா தாயி!" என்றாள் பட்டம்மா.

எல்லாரும் இரண்டாவது பை பக்கம் திரும்பினார்கள்.

ஊசிமூக்கி இரண்டாவது பையைப் பிரித்தாள். உள்ளே இருந்த இலை உள்ளே போனபோது எப்படி இருந்ததோ, அப்படியே பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. ஒரு நூல் இல்லை. ஓட்டனும் அவன் ஆட்களும் மட்டும் வயிறு ஒட்டிப்போய், தள்ளாடித் தள்ளாடி, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

செம்பாயி குனிந்து அந்த இலையை மோந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டா, ரெண்டு நாளா நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு பெரிய இலை இருந்துச்சே!"

"இலை எங்களுக்குச் சோறில்ல."

"பின்ன உங்களுக்கு எதுதான் சோறு?"

ஓட்டன் நின்றான். ஆமாம், ஓட்டன் நின்றான்! அசையாமல் நின்று, முதல் பையைத் திரும்பிப் பார்த்தான். நாக்கைச் சப்புக் கொட்டினான்.

பட்டம்மா மெல்லப் பின்வாங்கினாள்.

ஊசிமூக்கி இரண்டு இலைகளையும் ஒன்றோடொன்று தொடும்படி வளைத்துப் பிடித்தாள். ஓட்டன் தாவினான். பின்னாலேயே அவன் ஆட்களும் தாவினார்கள். அடுத்து நடந்ததைக் காடு முழுவதும் கண்ணாரக் கண்டது. பிறந்ததிலிருந்து உட்கார்ந்தே இருந்த செம்பேன்கள் எழுந்து ஓடின! தேன் ஒழுகப் பேசிய பட்டம்மா, சேலையாவது மஞ்சளாவது என்று எட்டுக் காலையும் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

"ஓடுறாங்க! ஓடுறாங்க!" என்று தளவாய் துள்ளி எழுந்தான். பாய்ந்தவன் நடுவழியில் நின்றுவிட்டான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். அவன் தலை சுற்றியது.

"ஊசிமூக்கி, இப்ப ரெண்டு பேரும் ஓடுறாங்களே! நான் யாரைப் பிடிக்கிறது?"

"யார் முன்னால ஓடுறா, யார் பின்னால ஓடுறான்னு பாரு தளவாயி!"

தளவாய் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தான்.

"ஐயையோ! காவல்காரனையா நான் பெருக்கித் தள்ளினேன்?"

முள்ளம்பன்றி சிரித்த சிரிப்பில் அதன் முள்ளெல்லாம் சலசலத்தது. அணில் கிளையிலிருந்து வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தது. செம்பாயி சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஓடைக்குள் இறங்கிவிட்டாள்.

முயலுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. கால் நனைந்தாலே உதறிக்கொண்டு நிற்கும். அன்று செம்பாயி கழுத்து வரைக்கும் நனைந்தபடி ஓடையைத் தாண்டினாள். ஓட்டனின் கூட்டம் அங்கே அகப்பட்ட செம்பேன்களைத் தின்றுகொண்டு தங்கியிருந்த ஆமணக்கு இலைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பதினோரு தடவை போனாள், பதினோரு தடவை வந்தாள். கொண்டுவந்த இலைகளைப் பந்தலில் அங்கங்கே சொருகினாள்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா. பட்டுன்னு சொன்னதும் மயங்கிட்டேன்" என்றாள்.

பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை. எல்லாரும் வேலைக்கு ஓடிவிட்டார்கள்.

தளவாயும் சும்மா இருக்கவில்லை. பந்தலைச் சுற்றி இருந்த பாதையில் புழுதி கிளம்பாமல் இருக்க, வாலை ஓடையில் நனைத்து நனைத்துத் தெளித்துக்கொண்டே நடந்தான். நனைந்த வாலைத் தூக்கிப் பிடிக்க முடியாது, தொங்கத்தான் செய்யும். அதனால் மிடுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஊசிமூக்கி மேலிருந்து, "கால் நோகாம நட ராசா!" என்று கூவினாள். தளவாய் கேட்காததுபோல் நடந்தான். குட்டிகள் ஆறும் விடிகாலையில் ஓடையில் குதித்து, பந்தலுக்கு அடியில் போய் உடம்பைச் சிலிர்க்கும். இலைகளின் அடிப்பக்கமெல்லாம் தண்ணீர் தெறிக்கும். புழுதி கழுவப்படும். வலை அறுந்து தொங்கும். குட்டிகளுக்கு அது விளையாட்டு.

ஐந்தாம் நாள் வலை மெலிந்தது. எட்டாம் நாள், செத்துவிட்டது என்று நினைத்த ஒரு கணுவில் பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. செம்பாயி அதைத் தோண்டவில்லை, தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினைந்தாம் நாள் கொடி முழுக்க இளம் இலைகள். குட்டிகள் நறுக் நறுக்கென்று கடிக்கிற சத்தம் ஓடையின் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. கடைக்குட்டி தின்று தின்று வயிறு முட்டி, எழுந்திருக்க முடியாமல் மல்லாந்து கிடந்தது. செம்பாயிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மொட்டைப் பாறைக்கு மேலே சுற்றிய பருந்துகள் அலுத்துப்போய் வேறு பக்கம் பறந்தன.

ஒருநாள் பந்தலின் மேற்கு மூலையில் நாலு இலைகளில் வெள்ளைப் புள்ளி இருப்பதைச் செம்பாயி பார்த்தாள்.

"ஓட்டா! இங்க இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க! ஒருத்தர் விடாம முடிச்சிடுங்க!"

ஓட்டன் ஓடியபடியே சொன்னான். "மாட்டோம்."

"ஏன்?"

"அவங்கதான் எங்க சோறு. சுத்தமா முடிச்சிட்டா நாங்க பசிக்கு வேற காடு போயிடுவோம். நாங்க போன மறுநாள் காத்துல இன்னொரு கூட்டம் வந்து இறங்கும். அப்ப யாரைக் கூப்பிடுவ?"

இவ்வளவு பேசியது அவனுக்கே அதிகம். மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

செம்பாயி அந்த நாலு இலைகளையும் முறைத்துப் பார்த்தாள். பிய்த்து எறிந்துவிடலாம் என்று முன்கால் பரபரத்தது. அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். உடனே தளவாயைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னையிலிருந்து இந்த நாலு இலைக்கும் நீங்கதான் காவல்."

"யாரு வந்து பறிக்காம பார்க்கணும் தங்கச்சி?"

"நான் வந்து பறிக்காம" என்றாள் செம்பாயி.

நீதி: ஒருவர் இனிமையாகப் பேசுவதையோ அடக்கமாக உட்கார்ந்திருப்பதையோ பார்த்து அவரை நல்லவர் என்று முடிவு செய்துவிடாதே, அவர் தங்கிய இடம் பச்சையாக இருக்கிறதா, கருகிக் கிடக்கிறதா என்று பார்.